தண்ணீர் நானூறு லிட்டர், திரும்பிப் போவது

மேற்பரப்புக் காப்பு ஆணையத்தின் ஜன்னல்களைப் பதினொரு வருடமாக யாரும் துடைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. பொதுக் கட்டடங்களின் சுவர், தரை, கதவு, கண்ணாடி ஆகியவற்றுக்கு எதனால் சேதம் வரும், எதனால் வராது என்று ஆராய்ந்து சொல்வதற்காகவே ஏற்பட்ட ஆணையம் அது. சோப்பு போட்டால் ஆகுமா, துணியால் தேய்த்தால் கீறல் விழுமா, பழைய செய்தித்தாளால் துடைத்தால் மை ஒட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு போட்டார்கள். ஒவ்வொரு குழுவும் இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. அதற்குள் வெளியே வெயிலா மழையா என்று தெரிந்துகொள்ள ஊழியர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இதனால் வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வெளியே பார்த்துச் செய்கிற வேலை எதுவும் அங்கே கிடையாது.

பிறகு ஒரு நாள், மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. பதினொரு வருடமாக முடியாதது பத்தே நிமிடத்தில் முடிவானது. ஜன்னல் துடைக்கிற ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவரைத் தொழிலில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். வேனுக்குள் நானூறு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் இரண்டு உருளைகள், ஒரு சுருள் குழாய், மடக்கினால் ஆள் உயரமும் நீட்டினால் நாலு மாடி உயரமும் வரும் ஒரு கம்பு, அதன் நுனியில் ஒரு பிரஷ். ஏணி கிடையாது, சோப்பு கிடையாது, துணி கிடையாது. உப்பும் சுண்ணாம்பும் துளிகூட இல்லாமல் வடித்த தண்ணீரைக் கம்பு வழியாக மேலே ஏற்றி, பிரஷால் தேய்த்து, அலசிவிட்டு வந்துவிடுவார். அது தானாகக் காயும். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் அதிலிருக்கும் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இதில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து அவருக்கு அவசரம். அவர் மனைவிக்குக் கடல் கடந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்தம் இரண்டு வருடம், இடையில் விடுப்பு இல்லை. அன்று இரவே விமானம். "போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது சும்மா உக்காந்து பேசணும்ங்க" என்று அவள் கேட்டிருந்தாள். "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன், வேன்லயே கொண்டு விடறேன்" என்று அவரும் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் நாலு நாளுக்கு மேல் பிரிந்திராத இரண்டு பேர். அந்த ஒரு மணி நேரத்தையே அன்றைய கூலியாக நினைத்துக்கொண்டுதான் காலை ஏழு மணிக்கு ஆணையத்தின் வாசலில் வேனை நிறுத்தினார்.

வாசல் காவலர் தடிமனான ஒரு நோட்டைத் திறந்தார். உள்ளே வரும் பொருள்களை அதில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். ஒன்று, திரும்பிப் போவது. மற்றொன்று, திரும்பாதது. கம்பு, பிரஷ், குழாய் எல்லாம் முதல் பத்தியில் ஏறின. தண்ணீர் வந்ததும் பேனா நின்றது.

"தண்ணிய எதுல எழுத?"

"அது ஜன்னல்ல ஊத்தறதுங்க. திரும்பாது."

"திரும்பாததுன்னா பண்டக அதிகாரி கையெழுத்து வேணும். அந்தம்மா பத்து மணிக்குத்தான் வருவாங்க. நீங்க வேற அவசரம்ங்கறீங்க." காவலர் நல்ல மனிதர், அடுத்தவர் கஷ்டம் பொறுக்காதவர். "சரி, உங்களுக்காக இந்தப் பக்கமே போட்டுடறேன். என்ன இப்போ, எழுத்துதானே."

தண்ணீர், நானூறு லிட்டர், திரும்பிப் போவது என்று எழுதிவிட்டு நோட்டைத் திருப்பினார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நன்றி வேறு சொன்னார். உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று அவருடைய கைப்பேசியை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார் காவலர்.

மொத்தம் அறுபத்து நாலு ஜன்னல்கள். முதல் அலசலில் தண்ணீர் கறுப்பாக இறங்கியது, இரண்டாவதில் பழுப்பாக, மூன்றாவதில்தான் தண்ணீர் மாதிரி இறங்கியது. உள்ளே பெரிய கலவரம். இரண்டாவது மாடியில் ஓர் ஊழியர் முகத்தில் வெயில் பட்டதும் தீப்பிடித்துவிட்டதென்று எழுந்து ஓடினார். எதிர்ப்பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் இருப்பதைச் சிலர் அன்றுதான் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு நாள் அடுத்த தெரு வரைக்கும் நடந்து போய்ப் பேருந்து பிடித்துக்கொண்டிருந்தார்களாம். பன்னிரண்டேகால் மணிக்கு வேலை முடிந்தது. கண்ணாடிக்காரர் குழாயைச் சுருட்டி, கம்பை மடக்கி, வேனை வாசலுக்கு ஓட்டி வந்தார்.

காவலர் நோட்டைப் பார்த்துக் கம்பைச் சரிபார்த்தார், பிரஷைச் சரிபார்த்தார். பிறகு தொட்டியை விரலால் தட்டினார்.

"காலியா இருக்கே. நானூறு லிட்டர் எங்க?"

"ஜன்னல்ல ஊத்தியாச்சுங்க."

"ஊத்தினது உங்க விஷயம். இங்க திரும்பிப் போவதுன்னு இருக்கு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"காலையில நீங்கதானே அப்படி எழுதினீங்க?"

"எழுதறது என் வேலை. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடறது உங்க வேலை. என் வேலைய நான் ஒழுங்கா செஞ்சிருக்கேன்."

கண்ணாடிக்காரர் சிரித்துப் பார்த்தார். காவலர் சிரிக்கவில்லை. "சரிங்க, வேன் இங்கயே நிக்கட்டும். நான் மட்டும் போயிட்டு நாளைக்கு வந்து பாத்துக்கறேன். வீட்ல அவசரம்."

"அதெப்படி? நீங்க தண்ணியைக் கொண்டு வந்த ஆளு. தண்ணி இல்லாம ஆள் மட்டும் போனா, உள்ள இருக்கற தண்ணி அநாதையாயிடும். அப்புறம் யார் பதில் சொல்றது?" காவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்படாதீங்க. உள்ள பண்டக அதிகாரி இருக்காங்க. அந்த வரியை அடிச்சுக் கொடுத்தாங்கன்னா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

வெளியாட்கள் உள்ளே தனியாக நடமாடக் கூடாது என்பதால் துணைக்கு ஓர் எழுத்தரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர். கழுத்தில் ஒரு நோட்டு தொங்கும், சட்டைப் பையில் ஒரு முத்திரை இருக்கும். யார் என்ன பேசினாலும் குறித்துக்கொள்வார். கோபமோ வருத்தமோ அவர் முகத்தில் வந்ததை யாரும் பார்த்ததில்லை.

பண்டக அதிகாரியின் அறையில் நாலு பக்கமும் பீரோக்கள் நின்றன. நடுவில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"அடிச்சுக் கொடுக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா செலவாயிடுச்சுங்கறதுக்கு மிச்சம் காட்டணும். பினாயில்னா காலி பாட்டில், சோப்புன்னா சுத்தியிருந்த காகிதம், துடைப்பம்னா தேஞ்ச கட்டை. இதுக்கு என்ன மிச்சம்?"

"மிச்சமே இருக்காதும்மா. அதுதான் இந்தத் தண்ணியோட விசேஷம்."

"ஒரு கறை?"

"இல்லம்மா."

"நுரை, வாசனை, அந்த மாதிரி?"

"ஜன்னலைப் பாருங்கம்மா, சுத்தமா இருக்கு. அதுதான் மிச்சம்."

அந்தம்மா திரும்பி ஜன்னலை நன்றாகவே பார்த்தார். "சுத்தம்னா அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லாததை நான் எப்படிக் கோப்புல வெச்சுத் தைக்கறது?"

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, யாராவது புரியாமல் விழித்தால் விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். "தண்ணியில ஒண்ணும் இல்லாததுனாலதாம்மா அது சுத்தம் பண்ணுது. பசியோட இருக்கற மாதிரி. அழுக்கைக் கண்டா இழுத்துக்கும்" என்றார்.

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பசியா?"

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"அழுக்கைத் தின்னு முடிச்சப்புறம் எதைத் தின்னும்? கண்ணாடியையா? சட்டத்தையா? சுவரையா?" அந்தம்மா நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது பண்டக விஷயமே இல்ல. சேத விஷயம். தொழில்நுட்பக் குழுவுக்குத்தான் போகணும்."

கண்ணாடிக்காரர் அவசரமாக ஒரு யோசனை சொன்னார். "அம்மா, எனக்கு ஒரு குழாய் மட்டும் காட்டுங்க. வேன்ல சுத்திகரிக்கற உருளை இருக்கு. ஒன்றரை மணி நேரத்துல இதே மாதிரி நானூறு லிட்டர் பண்ணி, நிரப்பி, வெளியில கொண்டு போயிடறேன். நோட்டுல எழுதினபடியே ஆயிடும்."

அந்தம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "உங்களுக்கு இங்க துடைக்கறதுக்குத்தான் அனுமதி. தண்ணி பண்ணினா அது உற்பத்தி. இந்த வளாகத்துல உற்பத்தி பண்ண இதுவரைக்கும் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்ல."

அது சத்தியமான வார்த்தை. பதினொரு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் எதுவும் உற்பத்தியானதில்லை.

குழு மூன்று மணிக்குக் கூடும் என்றார்கள். எழுத்தரின் மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. கெஞ்சிக் கேட்டு ஒரு தடவை பேச அனுமதி வாங்கினார். முதல் மணியிலேயே மனைவி எடுத்துவிட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா?"

"இங்கதான்மா. ஜன்னல் முடிஞ்சுது. தண்ணிதான் முடியல."

"என்ன தண்ணி?"

"சொன்னா உனக்குப் புரியாது. எனக்கே புரியல."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா கணக்குப் போடுகிறாளா என்று தெரியவில்லை. கணக்குத்தான் போட்டிருக்கிறாள். "விமான நிலையத்துக்குப் போற அஞ்சரை பஸ் அந்த ஆபீசுக்கு எதிர்லதானே நிக்கும்? நான் பெட்டியைத் தூக்கிட்டு அஞ்சு மணிக்கே அங்க வந்துடறேன். நீங்க ரோட்டைத் தாண்டி வந்தாப் போதும். இல்ல, நான் உள்ள வந்து பேசிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, உள்ள மட்டும் வந்துடாத. வந்தா உன்னையும் எழுதிடுவாங்க. இங்க வாயைத் திறந்து என்ன சொன்னாலும் எழுதி, அதை வெச்சே பிடிச்சுக்கறாங்க."

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

நாலாவது மாடியில் குழு கூடியது. குழு என்பது தலைவரும் நிபுணரும். தலைவர் மேசையில் அவர் பதவி பொறித்த பித்தளைப் பலகை மின்னியது. கண்ணாடிக்காரருக்குக் கதவோரம் ஒரு முக்காலி போட்டார்கள். தலைவர் எழுந்து நின்று பேசினார். கேட்பதற்கு மூன்று பேர்தான் என்றாலும் கூட்டத்துக்குப் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"பதினொரு வருஷத்துல இந்த ஆணையம் ஒரே ஒரு மேற்பரப்பைக்கூடச் சேதப்படுத்தினது கிடையாது. காரணம் என்ன? எதையும் தொட்டது கிடையாது! தொடாம இருக்கறது பாதுகாப்போட முதல் படி. ரெண்டாவது படி என்னங்கறதை ஆராய ஒரு குழு போட்டிருக்கோம். அதுக்குத் தலைவரும் நான்தான். அப்படிப்பட்ட இடத்துல, இன்னைக்கு ஒருத்தர் வந்து, அறுபத்து நாலு ஜன்னலையும் ஒரே நாள்ல, ஒரு அறிக்கைகூட இல்லாம, சும்மா துடைச்சுட்டார்!"

நிபுணர் ஓர் அளவுக் கருவியைக் கொண்டு வந்திருந்தார். ஜன்னலில் பொருத்திப் பார்த்தார். பழைய அறிக்கையைப் புரட்டினார். மறுபடி பொருத்திப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"போன தடவை அளந்தப்போ கண்ணாடி ஆறு புள்ளி நாலு மில்லிமீட்டர். இப்போ ஆறு. பத்துல நாலு மில்லிமீட்டரைக் காணோம் சார்."

"தின்னுடுச்சா?" என்றார் தலைவர்.

"அது அழுக்குங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"போன அறிக்கையில அழுக்குன்னு ஒரு வார்த்தை இல்லையே. கண்ணாடின்னுதான் இருக்கு. நானே அளந்தேன்."

"அழுக்கோட சேர்த்து அளந்திருப்பீங்க சார்."

"அழுக்கு இருந்திருந்தா நான் எழுதியிருப்பேன்ல?" என்றார் நிபுணர். மனதார நம்பித்தான் சொன்னார், பாவம்.

தலைவர் கையை உயர்த்தி அமைதி காட்டினார். "நேராவே கேக்கறேன். உங்க தண்ணியால மேற்பரப்புக்குச் சேதம் உண்டா, இல்லையா? மறைக்காம சொல்லுங்க."

மறைக்காமல் சொல்வதா வேண்டாமா என்று கண்ணாடிக்காரர் ஒரு கணம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் உள்ளதைச் சொன்னார். "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ரெண்டு நிமிஷம் பட்டு வழிஞ்சு போற தண்ணி. ஏற்கெனவே பெயிண்ட் உரிஞ்ச சட்டம்னா உரிஞ்சது கொஞ்சம் கூட வரும். ஓரத்து ரப்பர் வெடிச்சிருந்தா உள்ள கசியும். எந்தத் தண்ணி ஊத்தினாலும் அப்படித்தான். மத்தபடி இந்தத் தண்ணியை மாசக்கணக்குல பித்தளைக்குள்ள அடைச்சு வெச்சாத்தான் பித்தளையை மெதுவா அரிக்கும். அதுக்குத்தான் பிளாஸ்டிக் தொட்டி வெச்சிருக்கேன்."

எழுத்தர் இத்தனையையும் கேட்டு, 'பித்தளையை அரிக்கும்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். தலைவர் மேசையிலிருந்த பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேனில் சுருட்டி வைத்த குழாய்க்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சமிருந்தது. அதை ஒரு கண்ணாடிக் கூஜாவில் வடித்துக்கொண்டு வரச் சொன்னார் நிபுணர். சான்றுப் பொருள் என்று சீட்டு ஒட்டி மேசை நடுவில் வைத்தார்கள். தலைவர் மறுபடி எழுந்தார். மேற்பரப்பு என்பது என்ன, அடிப்பரப்பு என்பது என்ன, இரண்டுக்கும் நடுவில் ஆணையத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். சுவர்க் கடிகாரம் நாலே கால் காட்டியது, நாலரை காட்டியது. கண்ணாடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். அறைக்குக் கதவு ஒன்றுதான், அதைப் பூட்டக்கூட இல்லை. எழுந்து நடந்தால் போய்விடலாம் போலிருந்தது. போனால் கீழே நோட்டு இருக்கிறது, நோட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. தன் கையாலேயே தன்னைப் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பேசிப் பேசித் தலைவருக்குத் தொண்டை வறண்டது. பேச்சை நிறுத்தாமலே கூஜாவை எடுத்தார், டம்ளரில் ஊற்றினார், ஒரே மூச்சில் குடித்தார்.

எழுத்தரின் பேனா நின்றது.

"சார், அது சான்றுப் பொருள்" என்றார் எழுத்தர்.

தலைவர் டம்ளரைப் பார்த்தார். "அதான் ருசியே இல்லாம இருந்துச்சா?"

"வயித்துல ஏதாவது அரிக்கற மாதிரி இருக்கா சார்?" என்றார் நிபுணர், கொஞ்சம் ஆர்வமாகவே.

"ஒண்ணும் இல்லையே. எதுக்கும் ஒரு..." தலைவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

எழுத்தர் நோட்டைப் புரட்டினார். "இப்போ நானூறு லிட்டர்ல கால் லிட்டர் தலைவர்கிட்ட இருக்கு. திரும்பிப் போக வேண்டிய பொருளைக் கையிலயோ உடம்புலயோ வெச்சிருக்கறவர், அந்தப் பொருளோட விஷயம் முடியற வரைக்கும் கட்டடத்தை விட்டுப் போகக் கூடாது சார். பதினேழாவது விதி."

"எனக்கு அஞ்சரைக்கு ஆபீஸ் வண்டி!"

"விதி நீங்க எழுதினதுதான் சார்."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். காலையிலிருந்து கண்ணாடிக்காரர் எதையெல்லாம் பார்த்தாரோ அதையெல்லாம் வரிசையாகப் பார்த்தார். இப்போது ஆணையத்துக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கோப்பை மூட அதிகாரம் இருந்தது. கண்ணாடிக்காரருக்கு அன்றைக்கு முதல்முறையாக மூச்சு வந்தது.

"கண்ணாடி கெட்டிருக்கா இல்லையான்னு உடனே பாக்கறதுக்கு ஏதாவது சோதனை இருக்கா? உடனே?" என்றார் தலைவர். கூட்டத்துக்குப் பேசுகிற குரல் போய்விட்டிருந்தது.

நிபுணர் வேகவேகமாகப் பக்கம் புரட்டினார். "பார்வைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு சார். கண்ணாடி வழியா எதிர்ப்பக்கம் யாராவது ஒருத்தரைப் பாக்கணும். நுணுக்கமான அடையாளம் ஏதாவது தெளிவாத் தெரிஞ்சா, சேதம் இல்லன்னு முடிவு பண்ணலாம். இதுவரைக்கும் பண்ணினதில்ல. எதிர்ப்பக்கம் தெரிஞ்சதில்லையே."

ஐந்து மணி பத்து நிமிடம். தலைவர் ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் பேனாவோடு பின்னால் நின்றார்.

"பஸ் நிறுத்தம் தெரியுது. ஒரு அம்மா நிக்கறாங்க. பழுப்புப் பெட்டி. பூட்டு உடைஞ்சிருக்கு போல, சிவப்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு."

அந்தக் கயிற்றைக் காலை ஐந்து மணிக்குக் கண்ணாடிக்காரர்தான் கட்டியிருந்தார். அவரையறியாமல் எழுந்து ஜன்னலருகே வந்துவிட்டார். அவள்தான். பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தையே ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் பெரிய அடையாளம் சார். நுணுக்கமா ஏதாவது சொல்லுங்க" என்றார் நிபுணர்.

தலைவர் மூக்கைக் கண்ணாடியில் வைத்தார். "அழறாங்க."

"கண்ணீர் தெரியுதா?"

"தெரியுது. இடது கன்னத்துல ஒரு சொட்டு இறங்குது. இப்போ தாடைக்கு வந்துடுச்சு. துடைச்சுட்டாங்க. இதோ அடுத்தது."

"நாலு மாடி உயரத்துலேர்ந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சொட்டுக் கண்ணீர்!" நிபுணர் கையைத் தட்டினார். "பிரமாதம் சார். கண்ணாடிக்கு ஒண்ணுமே ஆகல."

கண்ணாடிக்காரரின் கை தானாக உயர்ந்தது.

"யாருக்குக் கை காட்டறீங்க?" என்றார் எழுத்தர்.

"கண்ணாடியில ஒரு புள்ளி மாதிரி தெரிஞ்சுது. துடைக்கலாம்னு..."

"புள்ளியா?" தலைவர் பதறிப்போனார்.

"இல்லைங்க, இல்லைங்க. சுத்தமா இருக்கு."

தலைவர் முத்திரைக்குக் கையை நீட்டினார். எழுத்தர் கொடுக்கவில்லை. "ஒரு சின்ன விஷயம் பாக்கி சார். பார்க்கப்பட்ட ஆள், வேலை செய்தவருக்கு வேண்டியவரா இருந்தா இந்தச் சோதனை செல்லாது. வேற ஆளை வெச்சுப் புதுசாப் பண்ணணும். அஞ்சு மணி தாண்டிட்டதால அது நாளைக்குத்தான்." கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். தலைவரின் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"தெரியாதுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நன்றாகப் பார்த்தார். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள். வீட்டிலிருந்து பெட்டியைத் தானே தூக்கி வந்ததில் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவளை இப்படி ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை என்று தோன்றியது.

"தெரியாதுங்க."

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதினார். 'மேற்படி பெண்மணி எவ்வகையிலும் எனக்கு அறிமுகமானவர் அல்லர்.' கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். தலைவர் முத்திரை குத்தினார். தண்ணீர் குற்றமற்றது என்று தீர்ப்பாகி, நோட்டில் திரும்பாதது பத்திக்கு மாறியது. தலைவர் பித்தளைப் பலகையை மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி ஓடினார்.

கண்ணாடிக்காரரும் ஓடினார். கூடவே எழுத்தரும் வந்தார்.

"நீங்க எதுக்குங்க?"

"அந்தம்மாகிட்டயும் ஒரு வார்த்தை எழுதி வாங்கணும். அப்புறம் அவங்க அந்த இடத்தை விட்டுப் போற வரைக்கும் நான் பக்கத்துல நின்னு பாக்கணும். நடுவுல நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்கன்னு ஆச்சுன்னா, தீர்ப்பு ரத்து. மறுபடி மேல போகணும்."

வாசலில் காவலர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார். "நான்தான் சொன்னேன்ல, அஞ்சு நிமிஷ வேலைன்னு."

சாலையைக் கடந்தபோது மணி ஐந்து இருபத்து நாலு. அவரைப் பார்த்ததும் மனைவியின் முகம் மலர்ந்தது. பெட்டியை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அதற்குள் எழுத்தர் குறுக்கே போய் நோட்டைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. எதிர் ஆபீஸ்லேர்ந்து வரேன். இவரை உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்காரருக்குக் கண்ணால்கூட ஒன்றும் சொல்ல முடியவில்லை. எழுத்தர் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவனைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். தாளில் தொட்டு நின்ற பேனா முனையைப் பார்த்தாள். தொலைபேசியில் அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், வைத்த எட்டைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

"தெரியாதுங்களே. யாரு இவரு?"

"அது முக்கியமில்ல. எதுக்கு அழுதீங்கன்னு சொல்ல முடியுமா? அறிக்கைக்கு வேணும்."

"என் வீட்டுக்காரர் வரேன்னு சொல்லியிருந்தார். வரல. அதான்."

எழுத்தர் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். பேருந்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"ரொம்ப தூரமாங்க?" என்றார் கண்ணாடிக்காரர், சாலையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க. ரெண்டு வருஷம்."

"உங்க வீட்டுக்காரர் எங்கயாவது மாட்டியிருப்பார். வேணும்னு வராம இருந்திருக்க மாட்டார்."

"தெரியும்ங்க." மஞ்சள் துணியின் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "அவரை நினைச்சாத்தான் கவலை. ரத்த அழுத்தத்துக்கு ரெண்டு மாத்திரை. நீலம் காலையில, வெள்ளை ராத்திரி. நான் எடுத்துக் கொடுக்கலைன்னா மாத்திப் போட்டுப்பார்."

"போட்டுக்க மாட்டாருங்க. நீலம் காலையில."

எழுத்தர் திரும்பிப் பார்த்தார்.

"இப்போ நீங்க சொன்னீங்களே, அதைச் சொன்னேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

சும்மா உட்கார்ந்து பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அப்படியே பாக்கி இருந்தது. பேருந்து வந்தது.

பெட்டியை அவர் தூக்கினார். அவளும் பிடித்தாள். சிவப்புக் கயிற்றுக்குக் கீழே அவள் விரல்கள் அவர் விரல்களை அழுத்தின, எழுத்தருக்குத் தெரியாத பக்கத்தில். படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை.

"பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா" என்றார்.

பேருந்தின் ஜன்னல்கள் முழுக்கப் புழுதி படிந்திருந்தன. உள்ளே ஓர் உருவம் நடந்து போய் உட்கார்ந்தது. ஒரு கை கண்ணாடியைத் தொட்டது. அது அவள் கைதானா, பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேருந்து திருப்பத்தில் திரும்பும்வரை எல்லா ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

எழுத்தர் மணியைக் குறித்து, நோட்டை மூடி, முத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. இனிமே நீங்க யாரை வேணும்னாலும் தெரிஞ்சுக்கலாம்."